இரண்டு மேசைகளுக்கு நடுவே செவலை

"ஒரு மாடு தப்புப் பண்ணினா, அந்தத் தப்பு எப்பப்பா முடியும்?"

இதைக் கேட்டபோது வெள்ளைத்தாய்க்கு எட்டு வயது. வீட்டு முன்னால் கட்டியிருந்த கன்றுக்குட்டியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டாள். அவளுடைய அப்பா உச்சிமாகாளிக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இருக்கும் இடத்துக்குத்தானே போகிறோம் என்ற நம்பிக்கையில், "ஆபீசுல கேட்டுட்டு வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

நடந்த தப்பு இவ்வளவுதான். அவர்களுடைய செவலைப் பசு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துப் புஞ்சையில் இறங்கி நாலைந்து சோளக் கதிரைத் தின்றுவிட்டது. புஞ்சைக்காரர் நல்ல மனிதர். "கன்னு போட்ட உடம்பு, பசிச்சிருக்கும். போனாப் போகுது" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே அந்தப் பாதையில் வந்த அலுவலக ஜீப் செவலையைக் கண்டுவிட்டது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, பஞ்சாலைக்குப் பின்னால், பிறர் பயிரை மேய்ந்த மாடுகளை அடைத்துவைக்கும் பவுண்டில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள்.

அலுவலகத்தின் பெயர், கரிசல் வட்டாரக் கால்நடை அத்துமீறல் ஒழுங்கு அலுவலகம். பெயர்ப்பலகை சுவரைவிட நீளமாக அமைந்துவிட்டதால், அதை மடக்கி மூலை திரும்பி அடித்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் 'கரிசல் வட்டாரக் கால்நடை அத்துமீறல்' வரைதான் தெரியும். ஒழுங்கு, சந்துக்குள் இருந்தது.

உச்சிமாகாளி முதல் நாள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. உள்ளே எல்லோரும் எழுந்து கைகட்டி நின்று, "ஹேவ், ஹேஸ், ஹேட்" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏதோ பூசை நடக்கிறது என்று எண்ணி, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கழுகுமலைக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். தீபாராதனை எதுவும் வரவில்லை. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அலுவலர் பரமசிவன். சென்னையில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பிறகு அவர் பழைய மனிதராக இல்லை. அபராதத்தைக் கட்டிவிட்டு மாட்டை ஓட்டிப்போகலாம் என்று வந்த உச்சிமாகாளியை அவர் எதிரில் நிறுத்தி அன்போடு விளக்கினார்.

"அபராதம் கட்டிட்டீரு. சந்தோஷம். ஆனா மனு வேணும். இங்கிலீஷ்ல வேணும். பவுண்டுச் சட்டம் வெள்ளைக்காரன் எழுதினது. மாட்டை அடைச்சது இங்கிலீஷ்ல. தமிழ்ல அவுத்து விட்டா மாடு வெளிய வந்துரும், சட்டம் உள்ளேயே கிடக்கும். அதுக்கு யார் தீனி போடுறது?"

"சரிங்கய்யா. யாரையாவது வச்சு எழுதிட்டு வாரேன்."

"அவசரப்படாதீரும். இங்க ரெண்டு மேசை இருக்கு. ஒரு விஷயம் நடந்து, அதோட பலன் இன்னைக்கும் இருந்தா அதுக்கு ஹேவ், ஹேஸ் போடணும். அது முதல் மேசை. ஒரு விஷயம் நடந்து, நடந்த அன்னைக்கே முடிஞ்சு போச்சுன்னா அதுக்குச் சாதாரண இறந்தகாலம். அது ரெண்டாம் மேசை. நான் வாரதுக்கு முந்தி இங்க ஆயிரக்கணக்கான மாட்டைக் கண்ணை மூடிக்கிட்டு அவுத்து விட்டிருக்காங்க. ஒரு மாடாவது சரியான காலத்துல வெளிய போயிருக்குமா? நினைச்சாத் தூக்கம் வரலை."

உச்சிமாகாளிக்கும் அன்று தூக்கம் வரவில்லை. வீட்டில் கன்று விடிய விடியக் கத்தியது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ராதாமணி என்ற பெண் மனுவை அடித்துக் கொடுத்தாள். 'மை கவ் ஹேஸ் ஸ்ட்ரேட் ஆன் டியூஸ்டே.' என் பசு செவ்வாய்க்கிழமை வழிதவறியிருக்கிறது என்று அர்த்தம். கன்று இருக்கிற விவரத்தையும் தானாகவே கீழே சேர்த்து அடித்தாள்.

முதல் மேசையில் இருந்தவர் ராமசுப்பு. அவர் மனுவை விளக்கு வெளிச்சத்தில் முட்டை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார்.

"ஹேஸ் போட்டிருக்கீரு. நல்லது. ஆனா பக்கத்துலேயே செவ்வாய்க்கிழமையையும் உக்கார வச்சிருக்கீரே! ஹேஸ் இருக்கிற இடத்துல போன கிழமை வரப்படாதுவே."

"வேற எங்கனய்யா போகும்?"

"அந்த மேசைக்குப் போகும்."

கிழமையை வைத்துக்கொண்டு ஹேஸை எடுத்துவிட்டு, அடுத்த நாள் இரண்டாம் மேசைக்குப் போனார். அங்கே சத்தியபாமா இருந்தார்.

"ம், செவ்வாய்க்கிழமை மாடு வழிதவறுச்சு. முடிஞ்சுது. முடிஞ்சுபோன விஷயத்துக்கு இப்ப என்ன அண்ணாச்சி வேணும்?"

"மாடு வேணும்மா."

"மாடு இப்ப எங்க இருக்கு?"

"பவுண்டுலதாம்மா இருக்கு."

"அப்ப முடியலையே! இன்னும் நடக்குதே! முதல் மேசைக்குப் போங்க."

ஹேஸை வைத்துக்கொண்டு கிழமையை எடுத்துவிட்டு மறுபடி ராமசுப்புவிடம் போனார். தேதியும் கிழமையும் இல்லாத மனுவை வாங்கக் கூடாது என்பது அலுவலக விதி. அதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், முதல் மேசையில் கிழமையோடு கொடுத்தால் ஆங்கிலம் தப்பு. கிழமை இல்லாமல் கொடுத்தால் விதி தப்பு. இரண்டாம் மேசையில் கொடுத்தால் பசுவே தப்பு. மூன்றாம் மேசை ஒன்று இருந்திருந்தால் உச்சிமாகாளி அதற்கும் போயிருப்பார். இல்லாததால் இரண்டுக்கும் நடுவே நின்றார். அவருடைய உதடு காய்ந்திருந்ததைப் பார்த்த சத்தியபாமா தன் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். அதற்கு அவர் மனு கேட்கவில்லை.

செவலை அடைபட்டு ஒரு வாரமான அன்று மாலை சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மனு ஏற்கப்படாத மாடுகள், உரிமையாளர் எவரும் வராத மாடுகளாகக் கருதப்பட்டு ஏலம் விடப்படும். நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த உச்சிமாகாளி, வராதவர் ஆவதற்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஏலத்தில் மாட்டை எடுப்பதற்கு வெளியூர் யாவாரிகள் அப்போதே பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பவுண்டுக் காவலாளி சோலைராஜ். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் பார்க்க மாட்டார். பார்த்தால் ரிப்போர்ட் எழுத வேண்டும். எழுதினால் அதுவும் ஹேஸா இல்லையா என்று இரண்டு மேசையும் கேட்கும். அவருக்கு முன்னால் இருந்த காவலாளி ஒரு கிடாரி ஈன்றதைப் பார்த்து எழுதப்போய், அது எந்தக் காலத்தில் ஈன்றது என்ற விசாரணையில் இன்னும் வேலையில்லாமல் இருந்தார். ஆகவே சோலைராஜ் மாடு வரும்போது வேப்பமரத்தைப் பார்ப்பார். போகும்போதும் வேப்பமரத்தையே பார்ப்பார். காலையில் மட்டும் வாலை வைத்து எண்ணிக்கை எடுப்பார்.

அடைபட்ட மாட்டைச் சொந்தக்காரர் பகலில் பார்க்கலாம். கன்றை உள்ளே விட முடியாது. கன்று எந்தப் பயிரையும் மேயவில்லை; குற்றம் செய்யாததைப் பவுண்டுக்குள் விட விதி இல்லை. முதல் நாள் மாலை உச்சிமாகாளி கன்றைத் தோளில் போட்டுச் சுமந்துகொண்டு வந்து கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபோது, உள்ளே செவலையும் வெளியே கன்றும் மாறி மாறிக் கத்தின. சோலைராஜ் விதியை உரக்கச் சொன்னார். பிறகு பஞ்சாலைச் சங்கு ஊதியது. கதவைப் பூட்ட வேண்டிய நேரம் அதுதான். அவர் பூட்டினார். சாவியை மடியில் சொருகாமல் தூணில் இருந்த ஆணியில் மாட்டினார்.

"அண்ணாச்சி, நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னு ஒரு பீடி பத்த வைக்கப் போறேன். என் பீடி சீக்கிரம் பத்தாது. காத்து சாஸ்தி" என்றார்.

அன்று காற்றே இல்லை. கன்று வயிறு நிறையக் குடிக்கும்வரை அவருடைய பீடி பற்றவில்லை. மறுநாளும் அப்படித்தான். உச்சிமாகாளி நன்றி சொல்ல வாயெடுத்தபோது, "எதுக்கு? நான் ஒண்ணும் பாக்கலையே" என்று வேப்பமரத்திடம் சொன்னார்.

ஒரு வேளைப் பால் கன்றுக்குப் போதாது. விலா எலும்பு தெரியத் தொடங்கியது. புதன்கிழமை ராமசுப்பு ஓர் உபாயம் சொன்னார். மனுவைப் பவுண்டுக்கு உள்ளே உட்கார்ந்து, மாட்டின் பக்கத்திலிருந்தே கொடுத்தால், விஷயம் இன்னும் நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. கிழமை இல்லாவிட்டாலும் ஒருவேளை ஏற்கலாம். உச்சிமாகாளி அப்படியே பகலில் உள்ளே போய் உட்கார்ந்து, சுவருக்கு மேலாக மனுவை நீட்டினார். அது பரமசிவனிடம் போனது. அவருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம் வந்தது. உடனே ஓர் உத்தரவு போட்டு, ஊழியர்களை நிறுத்தி வைத்து வாசித்தார்.

"இனிமேல் பவுண்டுக்கு உள்ளேயிருந்து வருகிற எந்தக் காகிதமும், எந்தக் கையெழுத்தும், எந்த வாய்ச்சொல்லும் செல்லாது. அடைபட்டவங்க பேச்சை அடைபட்டவங்களே பேசினா, அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்? வெளிய இருக்கிறவங்கதான் நிதானமா யோசிக்க முடியும். உள்ள இருக்கிறவனுக்கு வெளிய வரணும்ங்கிற ஒரே நினைப்புதான். அது தன்னலம்."

சோலைராஜிடம் உத்தரவின் நகலில் கையெழுத்து வாங்கினார்கள். அவர் பார்க்காமலே போட்டார்.

வியாழக்கிழமை இரண்டு மேசைகளுக்கும் சண்டை முற்றியது. செவலை வழிதவறியது முடிந்துவிட்டதா, முடியவில்லையா என்பதில் ராமசுப்புவும் சத்தியபாமாவும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதி அனுப்பிக்கொண்டார்கள். இடையில் இருந்த தூரம் ஒரு முழம். கடைசியில் பரமசிவன் எழுந்தார்.

"மாட்டையே நேர்ல பார்த்து முடிவு பண்ணிருவோம். அது நிக்கிற நிலையிலேயே தெரிஞ்சிரும்" என்றார்.

மூவரும் பவுண்டுக்கு வந்தார்கள். எழுத்தர்கள் இருவரும் கதவுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே போனால், போனதை எழுத வேண்டும். பரமசிவன் மட்டும் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியில் இருந்த கொட்டகைக்குப் போனார். செவலை காடித்தொட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது. அவர் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார்.

"இதோட கண்ணுல வருத்தம் தெரியுது. வருத்தம் இருந்தா விஷயம் முடியலைன்னு அர்த்தம். ஆனா அசை போடுது. அசை போட்டா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்" என்று அவர் உள்ளிருந்து அறிவித்துக்கொண்டிருக்கும்போது பஞ்சாலைச் சங்கு ஊதியது.

சங்கு ஊதினால் அலுவலக நேரம் முடிந்தது. ராமசுப்புவும் சத்தியபாமாவும் ஆளுக்கொரு பக்கமாக வீட்டுக்குப் போனார்கள். சங்கு ஊதினால் கதவைப் பூட்ட வேண்டும். சோலைராஜ் வேப்பமரத்தைப் பார்த்தபடியே பூட்டினார்.

"ஏய்! சோலைராஜ்! திற!"

"யாரது உள்ள?"

"நான்தான்யா, ஆபீசர்!"

சோலைராஜ் அப்போதும் திரும்பவில்லை. "ஐயா, சங்குக்கு அப்புறம் திறக்கணும்னா ஆர்டர் வேணுங்கய்யா."

"நான்தானே ஆர்டர் போடுறவன்? இந்தா, எழுதித் தாரேன்."

"உள்ள இருந்து வார காயிதம் செல்லாதுய்யா. நேத்துதான் கையெழுத்து வாங்குனீய."

"அப்ப வாயால சொல்லுதேன், திற!"

"வாய்ச்சொல்லும் சேர்த்துத்தான்யா இருக்கு."

பரமசிவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் வெளியில் இருந்திருந்தால் இந்தச் சிக்கலை நிதானமாக யோசித்துத் தீர்த்துவைத்திருக்க முடியும் என்று அவருக்குப் பட்டது. உள்ளே இருந்ததால் வெளியே வர வேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான் இருந்தது.

"எலே சோலைராசு, தொண்டை காயுதுலே" என்றார். அவருடைய பேச்சு சென்னைக்குப் போவதற்கு முந்தைய பேச்சாக மாறியிருந்தது. "காலையில பத்து மணி வரைக்கும் இங்கன எப்படிலே கிடப்பேன்?"

அவர் அலுத்துப்போய்த் தொட்டிப் பக்கம் திரும்பிய நேரத்தில் உச்சிமாகாளி தோளில் கன்றோடு வந்து சேர்ந்தார். சோலைராஜ் அவரையும் பார்க்கவில்லை. ஆணியில் சாவியை மாட்டினார். வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இன்னைக்குக் காத்து ரொம்ப சாஸ்தி அண்ணாச்சி" என்றார்.

உச்சிமாகாளி கதவைத் திறந்து கன்றை இறக்கிவிட்டார். அப்புறம்தான் தொட்டிக்குப் பக்கத்தில் அலுவலர் நிற்பதைக் கண்டு திடுக்கிட்டார். கன்று அலுவலருடைய வேட்டியை உரசிக்கொண்டு ஓடி, எழுந்து நின்ற செவலையின் மடியில் முட்டியது. செவலை அதை நக்கிக்கொண்டே நின்றது. தன்னுடைய அலுவலகத்தில் தினமும் என்ன நடந்துவந்தது என்பதைப் பரமசிவன் அன்றுதான் பார்த்தார்.

கன்று பாதி குடித்ததும் உச்சிமாகாளி அதை ஒரு கையால் விலக்கி, கையோடு கொண்டுவந்திருந்த செம்பில் கொஞ்சம் பால் கறந்தார்.

"குடிங்கய்யா. நாக்கு வறண்டு நிக்கீய."

"கன்னுக்குப் பத்தாதேய்யா."

"பத்தாதுதான். இருந்தாலும் குடிங்க."

நுரையோடு இருந்த பாலைப் பரமசிவன் நின்றுகொண்டே குடித்தார். பிறகு இருவரும் கதவருகே வந்தார்கள். கதவு திறந்திருந்தது. சோலைராஜின் முதுகு அசையாமல் இருந்தது. பரமசிவன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நாளைக்கு ஏலம். மாட்டையும் ஓட்டிட்டுப் போயிரும்வே. இங்கன யாரும் பாக்கலை."

உச்சிமாகாளி, கன்றின் பின்னாலேயே கதவுவரை வந்துவிட்ட செவலையைப் பார்த்தார். அதன் கயிறு கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

"வேண்டாங்கய்யா. அவிய திரும்பி நிக்குதது கன்னுக்காக. நான் மாட்டை ஓட்டுனா காலையில எண்ணிக்கை குறையும். அவிய வேலை போயிரும். நீங்க எண்ணிக்கையில இல்லை, நீங்க போங்க."

கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அலுவலரை வெளியே விட்டு, கதவைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினார். அப்போதுதான் சோலைராஜின் பீடி பற்றியது.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் ஹேவ், ஹேஸ், ஹேட் வழக்கம்போல் நடந்தது. பரமசிவன் கொஞ்சம் உரக்கவே சொன்னார். கண் மட்டும் சிவந்திருந்தது. ஏலக்காரர்கள் வந்து காத்திருந்தார்கள். பவுண்டில் செவலை இல்லை.

காவலாளியின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இரண்டு மேசையும் முதன்முறையாக ஒற்றுமையாகச் சொன்னது. பரமசிவன் கோப்பைத் திறந்து காட்டினார். அவருடைய கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது. 'தி கவ் ஹேஸ் ஸ்ட்ரேட்.'

"பசு வழிதவறியிருக்கு. இன்னும் தவறிக்கிட்டே இருக்கு. வழிதவறிக்கிட்டு இருக்கிற மாடு எப்படிவே பவுண்டுல இருக்கும்? இருந்தாத்தான் தப்பு. எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. சோலைராஜ் மேல குற்றம் இல்லை" என்றார்.

ராமசுப்பு அந்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிழமை இல்லை. ஆனால் மனுவுக்குத்தான் கிழமை வேண்டும். அலுவலருடைய குறிப்புக்கு வேண்டியதில்லை. கோப்பு முதல் மேசைக்குப் போனது. இன்றுவரை அது முடிக்கப்படவில்லை. அலுவலகக் கணக்குப்படி செவலை இன்னும் எங்கோ வழிதவறிக்கொண்டிருக்கிறது. இரண்டு மேசைகளும் அப்படியேதான் இருக்கின்றன. அடுத்த வாரம் ஓர் எருமை வந்தது.

உச்சிமாகாளி அன்று அலுவலகத்துக்கு வரவில்லை. விடியற்காலையில் அவர் எழுந்திருக்கும்போதே கன்றின் சத்தம் கேட்கவில்லை. செத்துப்போயிற்றோ என்று பதறி வெளியே ஓடினார். முன்னால் செவலை நின்றுகொண்டிருந்தது. கன்று அதன் வயிற்றுக்கடியில் தலையை விட்டு, வாலை ஆட்டி ஆட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. கோவில்பட்டியிலிருந்து வருகிற வண்டிப்பாதையில், பனி ஈரத்தில் குளம்புத் தடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்புத் தடம் வந்து, திரும்பிப் போயிருந்தது. நாய்கூடக் குரைத்ததாக அவருக்கு நினைவில்லை.

வெள்ளைத்தாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். பசுவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போனவள், முளைக்குச்சியருகே குனிந்தாள்.

"அப்பா, நம்ம கயிறைக் காணோமே. இது என்னது?"

மாட்டைக் கட்டியிருந்தது, கோப்புகளைக் கட்டுகிற சிவப்பு நாடா. இரண்டை முடிச்சுப் போட்டு நீளமாக்கியிருந்தது. தலையை ஒருமுறை ஆட்டினால் அறுந்துபோகிற நாடா. அது அறுந்துபோகவில்லை. செவலை அதை இழுத்துப் பார்க்கவே இல்லை.